ஆட்டத்தின் அழகும் ஆடுவோர் கருவியும்

தீவில் குடியிருப்போர்க்குப் பொருள்களின் விலையைப் பற்றித் தனியானதோர் அறிவு உண்டு. அரிசியாயினும், சிமெண்டாயினும், பள்ளிக் குறிப்பேடாயினும் அதற்கு இரண்டு விலைகள் இருப்பதை நாம் அறிவோம். கடைக்காரர் கூறும் விலை ஒன்று. அது கடல் கடந்து வந்து சேரும் வரையில் நாம் காத்திருக்கும் காலம் மற்றொன்று. சென்னையினின்றோ, கொல்கத்தாவினின்றோ, விசாகப்பட்டினத்தினின்றோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைத் தாண்டியே பெரும்பாலான பொருள்கள் நம்மிடம் வருகின்றன. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரத்தில், டெலானிபூர்ப் பகுதியிலே வாழும் தமிழ்க் குடும்பங்கள் இக்கணக்கைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகின்றன.

இந்தக் கணக்கு இன்று புதியதோர் இடத்தில் நம் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் இணைய ஆட்டங்களைச் சொல்கிறோம். ஆட்டத்தை ஆக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் அதன் காட்சியழகை உயர்த்துகின்றன. கிராபிக்ஸ் எனப் பிள்ளைகள் கூறும் அவ்வழகு உயர உயர, அதைத் தாங்கும் கருவியின் விலையும் உயர்கிறது. நேற்று வரை ஓடிய ஆட்டம் இன்று நம் கைப்பேசியில் திணறுகிறது; நாளை திறக்கவே மறுக்கிறது. அழகைக் கூட்டுவது முதன்மையா, எளிய கருவியுடையோரும் ஆட வழி வைப்பது முதன்மையா என்னும் வழக்கு ஆட்டத் தொழிலில் நெடுநாளாக நடந்து வருகிறது. அவ்வழக்கை நம் தீவு வாழ்க்கையின் நிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். அவர்கட்கு ஒன்று கூறுவோம். பிழைப்பு நாடிக் கடல் கடந்த குடும்பங்களின் பிள்ளைகள், அத்தை மகனையும் சித்தப்பா மகளையும் ஆண்டுக்கொரு முறை காண்பதே அரிது. கப்பற் பயணமோ மூன்று நாள் பொழுதை விழுங்குவது. வானூர்திக் கட்டணமோ குடும்பம் முழுவதற்கும் எட்டாதது. முன்பு உறவுப் பிள்ளைகள் கூடி ஆடிய திண்ணைக்கு இன்று ஈடாக நிற்பது, இராமநாதபுரத்துப் பையனும் டெலானிபூர்ப் பையனும் ஒரே அணியில் நின்று ஆடும் இணைய ஆட்டமேயாகும். ஆட்டத்தின் இடையே அவர்கள் பேசிக்கொள்வதும் தமிழில்தான். அந்த ஆட்டம் ஒருவன் கைப்பேசியில் ஓடாது நின்றால், நிற்பது ஆட்டம் மட்டும் அன்று. அன்றாடப் பேச்சும் நின்று விடுகிறது. ஆதலின் இது வீட்டுப் பொருளாகவும் உறவுப் பொருளாகவும் ஆகின்றது.

காட்சியழகு என்பது யாது?

திரையில் தோன்றும் மலையும் மரமும் மனிதரும் முன்னரே எடுத்து வைத்த படங்கள் அல்ல. ஆடுவோர் விரலை அசைக்குந்தோறும், அவர் நிற்கும் இடத்தினின்று உலகம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு கருவி அந்தக் கணமே வரைந்து காட்டுகிறது. கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தோன்ற வேண்டுமாயின் நொடிக்கு 30 படங்களேனும் வரைய வேண்டும். வழுவழுப்பாகத் தோன்ற 60 படங்கள் வேண்டும். 60 படங்கள் எனின், ஒரு படத்தை வரைவதற்குக் கருவிக்குக் கிடைப்பது ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே.

ஒவ்வொரு படமும் நுண்ணிய புள்ளிகளால் ஆயது. 1280-க்கு 720 என்னும் அளவுடைய படத்தில் 9,21,600 புள்ளிகள் உள்ளன. 1920-க்கு 1080 என்னும் அளவுடைய படத்திலோ 20,73,600 புள்ளிகள் உள்ளன. எளிய அளவில் நொடிக்கு 30 படம் வரையும் கருவி, நொடிக்கு ஏறத்தாழ 2 கோடியே 76 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்டினாற் போதும். உயர்ந்த அளவில் 60 படம் வேண்டுமெனில், 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்குத் தீட்ட வேண்டும். வேலை நான்கரை மடங்காகிறது. இதன்மேல் நிழல், நீரின் பளபளப்பு, புகை, புல்லின் அசைவு ஆகியவற்றைச் சேர்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆகும் கணக்கும் பெருகும்.

நினைவகத்தின் கதையும் இத்தகையதே. சுவருக்கும் துணிக்கும் போர்த்தும் பரப்புப் படம், பக்கத்துக்கு 1,024 புள்ளியாகச் சுருக்காமல் வைக்கப்பட்டால் 4 எம்.பி. இடத்தைக் கொள்ளும். பக்க அளவை இரட்டித்தால் 16 எம்.பி. கேட்கும். கண்ணுக்குத் தோன்றும் தெளிவு இரட்டித்தது. இடமோ நான்கு மடங்காயிற்று. ஆட்டம் ஒன்றில் இத்தகைய படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 2 ஜி.பி. நினைவகம் உடைய கைப்பேசி ஏன் மூச்சுத் திணறுகிறது என்பது இப்போது விளங்கும். பிள்ளையின் கைக்குறையும் அன்று. கடைக்காரர் செய்த வஞ்சனையும் அன்று. இது வெறும் கணக்கு.

கம்பி வந்தது, கருவி வந்ததா?

ஆட்டம் திணறும்போது அதற்குரிய காரணம் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று இணைப்பு, மற்றொன்று கருவி. இரண்டையும் பிரித்தறிவது நலம்.

இணைய ஆட்டத்தில் யார் எங்கு நிற்கிறார், யார் வென்றார், யார் தோற்றார் என்னும் கணக்கு நம் கைப்பேசியில் வைக்கப்படுவது அன்று. மும்பை, சிங்கப்பூர் போன்ற தொலைவிடங்களில் உள்ள சர்வர் கணினிகளே அக்கணக்கைக் காப்பன. நம் விரலசைவு அங்கே செல்கிறது. விளைவு இங்கே திரும்புகிறது. கடற்கம்பி வருவதற்கு முன் நம் தீவுகளின் இணைப்பு செயற்கைக் கோளையே நம்பியிருந்தது. நிலநடுக்கோட்டின் மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் கோளுக்குச் செய்தி ஏறி இறங்க ஒரு நொடியில் ஏறக்குறைய கால் பங்கு ஆகும். கேள்வி போய் விடை வருவதற்குள் அரை நொடி கழிந்து விடும். ஓட்டமும் பாய்ச்சலுமான ஆட்டத்தில் அரை நொடி என்பது ஒரு வாழ்நாள். அவ்விணைப்பின் கொள்ளளவும் குறைவு. கோளுக்கு ஏறும் வழியில் நெரிசலும் உண்டு. அக்காலத்தில் நம் பிள்ளைகள் மெய்யான போட்டியில் கலந்து கொள்வது அரிதினும் அரிதாயிருந்தது.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் சென்னை - அந்தமான் கடலடிக் கம்பித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அது தொடங்கி வைக்கப்பெற்றது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வொளியிழைக் கம்பிக்குச் சுமார் 1,224 கோடி ரூபாய் செலவாயிற்று. சென்னையை நம் நகரத்தோடு இணைத்த இத்திட்டம், ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களையும் தொட்டது. ஒளி இழைக்குள்ளே நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாதலின், சென்னைக்கும் நமக்கும் இடைப்பட்ட கடலை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் கடந்து விடுகிறது. வானத்தில் அரை நொடி அலைந்த செய்தி, கடலடியில் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த பொழுதில் கரை சேர்ந்தது. நம் தீவு வரலாற்றில் இது பெரிய மாற்றமே.

ஆயினும் இம்மாற்றத்தால் ஓர் உண்மை வெளிப்பட்டது. பழி முழுவதையும் இணைப்பின்மீது சுமத்தி வந்த காலம் போயிற்று. கம்பி தெருவுக்கு வந்த பின்னும் ஆட்டம் திணறுமாயின், குறை கையில் உள்ள கருவியில் இருக்கக்கூடும். கம்பியை அரசு போட்டது. கருவியை நாமே வாங்க வேண்டும். கடல் உப்புக் காற்றும், ஆண்டில் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையின் ஈரமும் மின்பொருள்களின் ஆயுளைக் குறைக்கின்றன. பழுதானால் உதிரிப் பாகம் அபர்டீன் கடைத்தெருவில் கிடைக்காத நாளில் பெருநிலத்தினின்று வரவழைக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை கூர்மையாக ஏறியதையும் இங்கே நினைவு கூர்தல் தகும். ஆட்டம் அதிக நினைவகம் கேட்கும் காலமும், நினைவகம் விலையேறும் காலமும் ஒன்றாகவே வந்தன.

இலேசான பதிப்புகளின் கதை

எளிய கருவியுடையோரை ஆட்ட நிறுவனங்கள் முற்றிலும் மறந்தன என்று கூறுதல் நேர்மையாகாது. 2018-இல் வெளிவந்த பப்ஜி மொபைல் நம் நாட்டில் பெரும் புகழ் பெற்றது. அதைத் தாங்க இயலாத கைப்பேசிகளுக்கென 2019 ஜூலையில் பப்ஜி மொபைல் லைட் என்னும் இலேசான பதிப்பு இந்தியாவில் வெளியிடப்பெற்றது. பெரிய பதிப்பில் 100 பேர் களமிறங்குவர். இதில் 60 பேர். நிலப்பரப்பும் சிறிது. 2 ஜி.பி.க்கும் குறைந்த நினைவகத்தில் ஓடுமாறு அஃது அமைக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் ஒரு குறை இருந்தது. இலேசான பதிப்பில் ஆடுவோர் பெரிய பதிப்பில் ஆடுவோருடன் ஒரே களத்தில் சேர இயலாது. வசதியுள்ள உறவினன் ஒரு கூடத்திலும், வசதியற்றவன் வேறொரு கூடத்திலும் ஆட வேண்டியதாயிற்று. உணவு ஒன்றே, பந்தி வேறு.

ஃப்ரீ ஃபயர் என்னும் ஆட்டம் வேறு வழியை மேற்கொண்டது. 2017-இல் வெளிவந்த அவ்வாட்டம் தொடக்கத்தினின்றே எளிய கைப்பேசிகளை நோக்கி அமைக்கப்பட்டது. அதனாலன்றோ இந்தியாவிலும் பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் ஏழை எளியோர் வீட்டுப் பிள்ளைகளிடம் அது பரவியது! 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் ஃப்ரீ ஃபயர் மாக்ஸ் என்னும் அழகு மிகுந்த பதிப்பை வெளியிட்டது. ஆயினும் பழையதை மூடவில்லை. ஒரே கணக்கைக் கொண்டு இரண்டிலும் நுழையலாம். இலேசான பதிப்பில் உள்ளவனும் மாக்ஸ் பதிப்பில் உள்ளவனும் ஒரே களத்தில் ஒரே அணியில் ஆடலாம். களத்தின் கணக்கு தொலைவிலுள்ள சர்வரில் இருப்பதாலும், வரையும் வேலை மட்டுமே அவரவர் கருவியில் நடப்பதாலும் இது கைகூடியது. ஒருவன் கண்ணுக்கு மரத்தில் இலைகள் தனித்தனியே தோன்றும். மற்றவன் கண்ணுக்குப் பச்சைத் திரளாய்த் தோன்றும். மரம் நிற்கும் இடம் இருவர்க்கும் ஒன்றே. இவ்வழக்கில் நாம் கண்ட தீர்வுகளுள் சிறந்தது இதுவே எனக் கூறுவோம்.

அதன்பின் நிகழ்ந்ததை நம் நாட்டார் அறிவர். 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் நடுவண் அரசு, நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணங்காட்டி 118 செயலிகளைத் தடை செய்தபோது, பப்ஜி மொபைலும் அதன் லைட் பதிப்பும் சேர்ந்தே நின்றன. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் பெயரில் பெரிய பதிப்பு நம் நாட்டுக்கென மீண்டும் வந்தது. 2022 ஜூலையில் மறுபடி நிறுத்தப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. லைட் பதிப்போ அவ்வாறு திரும்பவில்லை. 2022 பிப்ரவரியில் 54 செயலிகள் தடை செய்யப்பட்டபோது, ஃப்ரீ ஃபயரின் பழைய இலேசான பதிப்பு அப்பட்டியலில் இடம் பெற்றது. அழகு மிகுந்த மாக்ஸ் பதிப்பு தப்பி நின்றது. 2023-இல் இந்தியாவுக்கெனத் தனிப்பதிப்பு வரும் என அறிவிக்கப்பட்டு, அது தள்ளி வைக்கப்பட்டது.

தடையின் காரணங்களை நாம் இங்கே வழக்காடவில்லை. அது நாட்டின் பாதுகாப்பைப் பற்றியது. அதன் விளைவை மட்டும் நோக்குவோம். இரண்டு ஆட்டங்களிலும் நின்றுபோனது எளிய கருவிக்குரிய பதிப்பு. எஞ்சியது கனத்த பதிப்பு. மூன்று நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய கைப்பேசியுடைய குடும்பம், ஆட்டத்தை விடுவதா, புதுக் கருவி வாங்குவதா என்னும் இரண்டுக்கு நடுவே நிறுத்தப்பட்டது. யாரும் ஏழையை விலக்க எண்ணவில்லை. எனினும் ஏழையே விலக்கப்பட்டான். எளியோர்க்கெனத் தனி வாயில் ஒன்றை வைத்தால், அவ்வாயில் அடைபடும் நாளில் அவர்கட்கு வேறு வழியில்லாது போகும். ஆதலின் எளிய பதிப்பைத் தனியாக வைப்பதினும், பெரிய பதிப்பின் உள்ளேயே எளிய அமைப்பையும் வைப்பது உறுதியான ஏற்பாடாகும்.

கணினி ஆட்டங்களில் இரு வழிகள்

கணினியில் ஆடும் ஆட்டங்களிலும் இரு வழிகளைக் காண்கிறோம். கவுண்டர் ஸ்ட்ரைக் என்னும் ஆட்டம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நம் நாட்டுப் பிரௌசிங் சென்டர்களில் இளைஞர் கூடி ஆடியது. அதன் பின்வந்த பதிப்பு 2012-இல் வெளியாயிற்று. 2023 செப்டம்பர் 27-ஆம் நாள், அதற்கு மாற்றாகக் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வெளிவந்தது. ஒளியும் புகையும் முன்னினும் இயல்பாயின. ஆனால் பழைய 32 பிட் இயங்குதளங்கள், டைரக்ட் எக்ஸ் 9 என்னும் பழைய வரைகலை முறை, ஆப்பிள் மேக் கணினிகள் ஆகியவற்றுக்கான ஆதரவு கைவிடப்பட்டது. அவையெல்லாம் சேர்ந்தும் ஆடுவோருள் நூற்றில் ஒருவருக்கும் குறைவே என வால்வ் நிறுவனம் விளக்கியது. பழைய பதிப்பு உறைந்த நிலையில் வைக்கப்பட்டது. ஆனால் அதில் நிறுவனம் ஆள் சேர்த்துத் தரும் போட்டிகள் இல்லை. வீடு இருந்தது, விருந்தினர் இல்லை.

நூற்றில் ஒருவர் என்னும் கணக்கைச் சிறிது நின்று நோக்க வேண்டும். கோடிக்கணக்கானோர் ஆடும் ஆட்டத்தில் நூற்றில் ஒன்று என்பதும் பல ஆயிரம் பேராகும். மேலும் அவ்வொருவர் யார் என்பதை விழுக்காடு கூறாது. புதுக் கணினி வாங்கச் சோம்பியவரும் அதில் இருப்பர். வாங்க வகையற்றவரும் இருப்பர். முன்னவர்க்கு அது சிறு தொல்லை. பின்னவர்க்கு அது வாயிற்கதவு.

2020 ஜூன் மாதத்தில் வெளிவந்த வேலரண்ட் என்னும் ஆட்டம் மறுவழியைத் தேர்ந்தது. 2008-ஆம் ஆண்டுக் கோர் 2 டுவோ செயலியும், 2012-ஆம் ஆண்டுக் கணினிகளில் தனி அட்டையின்றி உள்ளமைந்து வந்த இன்டெல் எச்.டி. 4000 வரைகலையும், 4 ஜி.பி. நினைவகமும் இருந்தால் நொடிக்கு 30 படம் கிடைக்கும் என அதன் குறைந்த தேவையை அந்நிறுவனம் அறிவித்தது. அரசு அலுவலகத்தில் கழித்துவிடும் கணினியிலும் ஆடலாம் என்பதே இதன் பொருள். காட்சியில் வண்ணங்கள் எளியவை, உருவங்கள் தெளிவானவை. அதனால் ஆட்டம் சுவை குன்றவில்லை. உலகப் போட்டிகள் நடைபெறும் அளவுக்கு வளர்ந்தது. ஃபோர்ட்நைட் ஆட்டமும் 2020 டிசம்பரில், காட்சியழகைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் தனி அமைப்பொன்றைக் கணினியில் சேர்த்தது.

மக்களிடம் எத்தகைய கணினிகள் உள்ளன என்பதை அறிய வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடை மாதந்தோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. 2016-இல் வெளியான ஜி.டி.எக்ஸ். 1060 என்னும் நடுத்தர வரைகலை அட்டையே 2022 வரையில் பல ஆண்டுகள் அக்கணக்கில் முதலிடம் வகித்தது. விளம்பரங்களில் மின்னும் விலையுயர்ந்த அட்டைகள் பெரும்பாலோர் வீட்டில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. செல்வ நாடுகளின் கணினிகளும் அடங்கிய கணக்கிலேயே இந்நிலை எனின், தீவில் உள்ள நம் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

மறுபக்கத்தின் நியாயம்

எனினும் அழகை உயர்த்துவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதையும் கேட்பதே நடுவுநிலைமை.

முதலாவது, ஓவியரும் சிற்பியரும் உழைக்கும் கலை இது. திரைப்படம் பேசத் தொடங்கியபோதும் வண்ணம் பெற்றபோதும் பழைய கொட்டகைகள் சங்கடப்பட்டன. அதற்காக வண்ணம் வேண்டா என்று யாரும் கூறவில்லை. இரண்டாவது, மிகப் பழைய கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். அத்தகைய கருவியில் கணக்கும் கடவுச்சொல்லும் வைத்து ஆடுவது ஆடுவோர்க்கே தீங்கு. மூன்றாவது, ஒவ்வொரு பழைய கருவிக்கும் ஆட்டத்தைச் சோதித்துச் சரி செய்ய ஆள் வேண்டும், பொருள் வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கு அது தாங்கொணாச் சுமை.

நான்காவதாக ஒன்றுண்டு, அது நுட்பமானது. காட்சியைக் குறைத்து ஆடுவோர்க்குச் சிலபோது நியாயமற்ற ஆதாயமும் கிடைக்கும். ஒருவன் புல்லுக்குள் படுத்து மறைந்திருப்பதாக எண்ணுவான். எளிய அமைப்பில் ஆடுபவன் திரையில் அப்புல்லே வரையப்படாவிடின், மறைந்தவன் வெட்டவெளியில் கிடப்பவனாகத் தோன்றுவான். மாறாக, நொடிக்கு 120 படம் காட்டும் விலையுயர்ந்த கருவியுடையவன், 30 படம் காண்பவனைவிட முந்திக் காண்பான். ஆக, இரு பக்கத்திலும் சாய்வு ஏற்படக் கூடும். மறைவிடமாகும் பொருள்களை எல்லார்க்கும் ஒன்றுபோல் வரைவதும், வெறும் அலங்காரத்தை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விடுவதுமே இதற்குரிய முறை.

கருவியே வேண்டாம், தொலைவில் உள்ள பெரிய கணினியே வரைந்து படத்தை மட்டும் அனுப்பட்டும் என்னும் கிளவுட் முறையையும் சிலர் மருந்தாகக் கூறுவர். கூகிள் நிறுவனம் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்னும் பெயரில் இதைத் தொடங்கி, 2023 ஜனவரியில் மூடிவிட்டது. வேறு நிறுவனங்கள் அம்முறையைத் தொடர்கின்றன. இதில் கருவியின் சுமை குறைவது மெய். ஆனால் அச்சுமை முழுவதும் இணைப்பின் தலையில் ஏறுகிறது. சாதாரண ஆட்டத்தில் கம்பி வழியே செல்வது சிறு செய்திகள். இதிலோ ஓயாத திரைப்படம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடலடிக் கம்பியில் பழுது நேரும் நாளில் தீவில் உள்ள நம் பிள்ளைகளுக்கு அது முற்றிலும் நின்றுவிடும்.

நம் முடிவு

இரு பக்கத்தையும் தராசில் வைத்த பின், நாம் கொள்ளும் முடிவு இது. சதுரங்கத்தை யானைத் தந்தக் காய்களாலும் ஆடலாம், மரக்காய்களாலும் ஆடலாம். பல்லாங்குழியைப் பித்தளைப் பலகையில் சோழி இட்டு ஆடுவோரும் உளர். மண்ணில் குழி பறித்துப் புளியங்கொட்டை இட்டு ஆடுவோரும் உளர். ஆட்டத்தின் விதி ஒன்றே; வெற்றியும் ஒன்றே. தந்தக் காய் செய்பவனை நாம் பழிக்கவில்லை. ஆனால் இனித் தந்தக் காயில்லாதவர் அவைக்குள் வரலாகாது என்பானாயின், அவன் ஆட்டத்தை வளர்ப்பவன் ஆகான்.

தனியாக ஒருவர் ஆடும் ஆட்டத்தில் அழகுக்கு எல்லை வேண்டா, விரும்பியவர் வாங்கட்டும். பலர் கூடி ஆடும் இணைய ஆட்டமோ கூட்டத்தாலேயே உயிர் வாழ்வது. ஆடுவோர் குறைந்தால் எதிராளி கிடைக்கக் காத்திருக்கும் நேரம் கூடும். காத்திருக்கச் சலித்தோர் மேலும் விலகுவர். அழகான களம் ஆளின்றி நிற்கும். எளியோரை உள்ளே வைத்திருப்பது அறம் மட்டும் அன்று. வணிகத்துக்கும் அதுவே அரண். ஆதலின், அழகு விருப்பமாக இருக்க வேண்டும், நுழைவு உரிமையாக இருக்க வேண்டும் என்கிறோம். கருவிக்கான ஆதரவை நிறுத்துவதாயின், பல மாதங்களுக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். உயர்ந்த பரப்புப் படங்களைத் தனியாக இறக்கிக்கொள்ள விடுதல் வேண்டும். வேண்டாதவர் சேமிப்பிடத்தை அவை நிரப்பலாகாது. பணம் கொடுத்து ஆட்டப் பொருள்களை வாங்கியவர் கருவி மாற்றத்தால் அவற்றை இழக்கும்படி நேரலாகாது.

பெற்றோர் அறிய வேண்டுவன

நிறுவனங்கள் நம் சொல்லைக் கேட்கும் வரையில், நம் வீட்டளவில் செய்யத்தக்கவை சில உள.

பிள்ளை புதிய கைப்பேசி கேட்டவுடன் கடைக்கு ஓடவும் வேண்டா. சினந்து மறுக்கவும் வேண்டா. முதலில் குறை எங்குள்ளது என ஆராய்க. ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் இணைப்பின் தாமதமும், நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையும் பல ஆட்டங்களில் தெரியும். தாமத எண் மிகுந்திருப்பின் குறை இணைப்பில். புதுக் கைப்பேசி வாங்கியும் பயனில்லை. தாமதம் குறைவாயிருந்தும் படம் திணறுமாயின் குறை கருவியில்.

கருவியில் குறையெனினும் உடனே கைவிட வேண்டுவதில்லை. பேட்டில்கிரவுண்ட்ஸ் போன்ற ஆட்டங்களில் ஸ்மூத் என்னும் எளிய காட்சியமைப்பு உள்ளது. அதைத் தேர்ந்து, நிழலை நிறுத்தினால் பழைய கைப்பேசியும் ஓரளவு ஓடும். சேமிப்பிடம் நிரம்பி வழியும் கைப்பேசி எதையும் நன்கு செய்யாது. பழைய காணொளிகளை அகற்றுக. சூடேறிய கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னூட்டிக்கொண்டே ஆடுவதையும், தடித்த உறையோடு ஆடுவதையும் தவிர்க்க.

தடை செய்யப்பட்ட இலேசான பதிப்பைக் கண்டறியாத இடங்களினின்று கோப்பாக இறக்கி நிறுவும் வழக்கம் இளைஞரிடம் காணப்படுகிறது. இது கூடவே கூடாது. ஆட்டம் என்னும் போர்வையில் வந்த கோப்பு, தந்தையாரின் வங்கிச் செயலி இருக்கும் அதே கைப்பேசியில் என்ன செய்யும் என யாரும் உறுதி கூற இயலாது. வீட்டில் ஒரே கைப்பேசியைப் பலரும் பயன்படுத்தும் குடும்பங்கள் இதில் மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

புதிய கருவி வாங்கியே ஆக வேண்டுமெனில், ஆட்டத்தின் இன்றைய குறைந்த தேவையைப் பார்த்து வாங்கற்க. அதற்கு ஒரு படி மேலானதை வாங்குக. எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என வினவுக. அக்கருவி ஆட்டத்துக்கு மட்டும் அன்றிப் பாடத்துக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் உதவுமாயின், செலவு பயனுடையதாகும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் இக்கட்டுரையின் பொருள் அல்ல; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவற்றைத் தடை செய்து, திறமைப் போட்டிகளான மின்விளையாட்டுகளை வேறாகப் பிரித்துள்ளது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடன்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல் உண்டு. உங்கள் அணியில் ஒருவனுடைய கைப்பேசி பழையதாயின், அவனை இகழ்ந்து விலக்காதீர்கள். அவன் கருவியில் ஓடும் ஆட்டத்தைத் தேர்ந்து எல்லாரும் அதில் ஆடுங்கள். கடல் கடந்து வந்த நம் முன்னோர் இத்தீவில் நிலைத்தது, உள்ளதைப் பகிர்ந்துகொண்டு, பின்தங்கியவனுக்காகச் சிறிது நின்று நடந்ததனாலேயே. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு இலங்கையினின்று வந்தவர்களும், தமிழகத்தினின்று கட்டட வேலைக்கும் கடைத் தொழிலுக்கும் வந்தவர்களும் அவ்வாறே வேரூன்றினர். அப்பண்பு கைப்பேசித் திரையிலும் விளங்குமாயின், ஆட்டமும் நமக்கு நல்லதொரு பள்ளியாகும்.